லண்டன் எல்.எல்.எம்., ஆர்மேனியன் தெரு வருமானம்

வெளிநாட்டில் சட்டம் படிக்கலாமா என்று கேட்டு வரும் ஜூனியர்களிடம் எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் கேட்பதில்லை. படித்து முடித்து எந்த ஊரில் வக்காலத்துப் போடப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் முழிப்பார்கள். "அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்க்கா" என்பார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அந்தப் பதில் ஓரளவு செல்லும். பெருங்குடியில் எழுதிய புரோகிராம் சியாட்டிலிலும் ஓடும். நம்முடைய சிவில் நடைமுறைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்கும் ஹீத்ரோவில் இறங்கிய பிறகு அதனால் பைசா பிரயோஜனம் கிடையாது.

நான் பெரம்பூர்க்காரி. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்னால் வீட்டில் வக்கீல் யாரும் இல்லை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளியில் ஐந்து வருடம் படித்துவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஆர்மேனியன் தெருவில் ஒரு சீனியரிடம் மூன்று வருடத்துக்கு மேல் ஜூனியராக இருந்தேன். வணிக வழக்கும், கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறு தீர்க்கும் ஆர்பிட்ரேஷனும்தான் அந்த ஆபீஸில் அதிகம். 2023 செப்டம்பரில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் படிக்க லண்டன் போனேன். இப்போது மறுபடி சென்னையில்தான் வேலை. போவதற்கு முன் இதைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் பவுண்டிலும் பெருமையிலும்தான் பேசினார்கள். மாதத் தவணையில் யாரும் பேசவில்லை. அதனால் இது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைத்துவிடுகிறேன். லண்டனில் சட்டம் என்றால் நம் வீடுகளில் இன்னும் பாரிஸ்டர்தான். வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில் படித்தார், காந்தி இன்னர் டெம்பிளில் படித்தார் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த ஞாபகம். பெயர்ப் பலகையில் 'பார்-அட்-லா' என்று போட்டுக்கொண்ட தலைமுறையைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா என்னை "எங்க பாரிஸ்டர்" என்று அறிமுகப்படுத்தினார். ஒரு தரம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒரு வருட எல்.எல்.எம். யாரையும் பாரிஸ்டராகவோ (அங்கே கோர்ட்டில் வாதாடும் வக்கீல்) சொலிசிட்டராகவோ (ஆலோசனை, ஆவணம் என்று ஆபீஸ் பக்க வேலை பார்க்கும் வக்கீல்) ஆக்காது. அது ஒரு பட்டம், அவ்வளவுதான். வக்கீலாக வேலை செய்வதற்கான உரிமம் முற்றிலும் வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கடன் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு இருக்கிறது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் தாளுக்கு 180 கேள்வி வீதம் இரண்டு தாள். உலகின் பல ஊர்களில் இருக்கும் பியர்சன் வியூ கம்ப்யூட்டர் தேர்வு மையங்களில் எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ போயே ஆக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணம் கிட்டத்தட்ட ஐயாயிரம் பவுண்டு. அந்த ஊரில் படித்துவரும் மாணவர்கள் இதோடு இரண்டு வருட வேலை அனுபவமும் காட்ட வேண்டும். இந்தியாவில் ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்தவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. இதில் எல்.எல்.எம். எங்கே வருகிறது? எங்கேயுமே வரவில்லை. சொலிசிட்டர் ஆவதுதான் குறி என்றால் என்னைப்போல எல்.எல்.எம்.முக்கு 46 லட்சம் செலவழிக்காமல், பாரிமுனையில் ஜூனியராக இருந்துகொண்டே ராத்திரியில் படித்து எழுதலாம். இதை அண்ணா நகரில் நான் போய் உட்கார்ந்த கன்சல்டன்சியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? சேர்க்கைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கல்லூரி கமிஷன் தரும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

46 லட்சம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் கல்லூரிக் கட்டணம் 26 ஆயிரம் பவுண்டு. லண்டனில் பெரிய பெயர் உள்ள இடங்கள் இதைவிட நிறையக் கேட்கும். லண்டனை விட்டு வெளியே போனால் குறையும். ஈஸ்ட் ஹாமில் ஒரு ஈழத்தமிழர் வீட்டு மாடியில் அறை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 1,300 பவுண்டு ஆனது. சமையல் நானே செய்ததால்தான் அதற்குள் அடங்கியது. விசாக் கட்டணமும் அரசு மருத்துவ வசதிக்கு முன்கூட்டியே கட்டும் கூடுதல் கட்டணமும் சேர்ந்து ஆயிரம் பவுண்டைத் தாண்டின. அந்த மருத்துவக் கட்டணம் நான் கட்டும்போது மாணவர்களுக்கு வருடத்துக்கு 470 பவுண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து 776. காசநோய்ப் பரிசோதனை, சான்றிதழ்கள், விமான டிக்கெட், குளிர் உடுப்பு எல்லாம் இதற்கு மேல். அப்போது பவுண்டு 104 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025இல் அது 115ஐத் தாண்டிவிட்டது. அதே படிப்பு, அதே அறை, அதே சோறு, ஆனாலும் இன்று ஐம்பது லட்சத்தைத் தாண்டும். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டுகிறவர்கள் இரண்டாவது தவணைக்குள் ரூபாய் எவ்வளவு சரியும் என்பதற்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பார்ட் டைம் வேலை செய்து ஃபீஸ் கட்டிவிடலாம்' என்று ஒரு வாதம் உண்டு. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2024 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. எல்லா வாரமும் முழு நேரமும் வேலை கிடைத்தால்கூட மாதம் 915 பவுண்டு. வாடகையும் மளிகையும் போகும், கல்லூரிக் கட்டணத்தில் ஒரு மூலையைக்கூடத் தொட முடியாது. நான் வார இறுதியில் ஒரு தமிழ்க் கடையில் நின்றேன். எல்.எல்.எம். வகுப்புகள் குறைவு, படிக்க வேண்டியது மலை. வாரம் 20 மணி நேரம் நின்றிருந்தால் பரீட்சையில் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

வங்கிக் கடன் படலம் தனிக்கதை. நான் கேட்டது 30 லட்சம். மீதி அப்பாவின் ஓய்வுக்காலப் பணமும் என் சேமிப்பும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் ஜாமீனாகச் சொத்தைக் கேட்கும். பெரம்பூர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோனோம். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் கையில். மற்றவர்கள் வீட்டுப் பத்திரத்துக்கு லீகல் ஒபினியன் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, வங்கியின் வக்கீல் எழுதிய ஒபினியன் வந்தது: வீடு தாத்தா பெயரிலிருந்து அப்பாவுக்கு வந்ததில் அத்தை தன் பங்கை விட்டுக்கொடுத்ததற்கான விடுதலைப் பத்திரம் இல்லை. அவர் சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அத்தை திருச்சியில் இருந்தார். அவர் வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, பதிவாகி, மறுபடி வங்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் கெடு நெருங்கிவிட்டது. அத்தை "படிக்கிற பொண்ணுக்குத்தானே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. ஆகவே ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுங்கள். வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், பட்டாவில் பெயர் மாற்றம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று எல்லாக் குடும்பத்திலும் பாக்கி இருக்கும்.

வட்டி பத்தரை சதவீதம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு தரும் சலுகை மாதங்களிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. தவணை தொடங்கும்போது 30 லட்சம் 34 லட்சமாக நின்றது. பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 46 ஆயிரம் ரூபாய். இரண்டு விஷயம் இங்கே உதவும். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பதில்லை. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் கழிவு உண்டு. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

இந்த 46 ஆயிரத்தை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது? லண்டன் சம்பளத்தின் பக்கத்தில் வைத்தால் சின்னத் தொகை. சென்னை நீதிமன்ற வருமானத்தின் பக்கத்தில் வையுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றமே சொல்லவேண்டிய நிலை. எல்லா ஆபீஸிலும் அது கிடைப்பதில்லை என்பது லிங்கிச் செட்டித் தெருவில் காலை பத்து மணிக்கு டீ குடிக்கும் யாருக்கும் தெரியும். நான் கிளம்பும்போது என் சீனியர் எனக்கு 25 ஆயிரம் தந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "போயிட்டு வாம்மா, நல்லதுதான். ஆனா திரும்பி வந்தப்புறம் நீ லண்டன்ல படிச்சேன்னு எந்த ஜட்ஜும் ஸ்டே குடுக்க மாட்டார், தெரியும்ல?" என்றார். தெரியும் சார் என்றேன். கட்சிக்காரரும் அதைப் பார்த்து ஃபீஸை ஏற்றித் தர மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அங்கேயே வேலைக்கு முயன்றேனா? முயன்றேன். படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை தேட கிராஜுவேட் விசா இரண்டு வருடம் தருவார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சி வக்கீல்களை இரண்டு வருடம் முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன. செப்டம்பரில் போய் இறங்கும் எல்.எல்.எம். மாணவர் ஊரைப் புரிந்துகொள்வதற்குள் அந்தக் கதவு மூடிவிடும். எனக்குக் கிடைக்க இருந்தது பாராலீகல் வேலை, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளர், வருடத்துக்கு 26 ஆயிரம் பவுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரி, வாடகை, ரயில் போக மிஞ்சுவது இங்கே கட்ட வேண்டிய தவணைக்கே இழுத்துப் பிடித்துத்தான் வரும். கிராஜுவேட் விசா முடிந்த பிறகு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொதுக் குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு ஆனது, 2025 ஜூலையில் 41,700. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. இருந்தாலும் பாராலீகல் சம்பளத்துக்கும் அதற்கும் நடுவில் பெரிய பள்ளம். திரும்பி வர முடிவெடுத்தேன்.

என் கூடப் படித்த தோழி ஒருத்தி அமெரிக்கா போனாள். முதல்வரிசைச் சட்டப் பள்ளியில் அங்கே கட்டணம் மட்டும் 75 ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆக மொத்தம் அவளுக்கு என்னைப்போல இரண்டு மடங்கு. அவள் மாட்டிக்கொண்டது காலண்டரில். எல்.எல்.எம். மே மாதம் முடிகிறது. வக்கீல் உரிமத்துக்கான நியூயார்க் பார் தேர்வு ஜூலைக் கடைசியில். முடிவு அக்டோபர் வாக்கில். இதற்கிடையில் ஓ.பி.டி. என்ற ஒரு வருட வேலை அனுமதி ஓடத் தொடங்கிவிடும். அதில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் அந்த ஊர்ச் சட்டப் பட்டமான மூன்று வருட ஜே.டி. படிக்கும் மாணவர்களைக் கோடைக்காலப் பயிற்சியிலேயே பார்த்து எடுத்துக்கொள்கின்றன. எல்.எல்.எம். வருகிறவர்களுக்கு அந்த வாசல் மிகக் குறுகல். அப்புறம் ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 செப்டம்பரில், அமெரிக்காவுக்கு வெளியில் இருப்பவர்களுக்குப் புதிதாக ஹெச்-1பி கேட்கும் நிறுவனங்கள் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. அவள் பார் தேர்வில் பாஸ். நியூயார்க் வக்கீல் உரிமம் கையில் இருக்கிறது, வேலை பெங்களூரில். இன்னொன்று: மூன்று வருடமோ ஐந்து வருடமோ இந்தியாவில் எல்.எல்.பி. படித்தவர்களில் பலருக்கு, அந்த ஊர்த் தேர்வு வாரியம் சான்றிதழ்களைப் பார்த்துச் சம்மதித்தால், எல்.எல்.எம். இல்லாமலேயே நியூயார்க் தேர்வு எழுத அனுமதி கிடைக்கிறது. ஒரு கோடி செலவழிப்பதற்கு முன் அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

திரும்பி வந்து எனக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படிப்பைத் திட்டுகிற மாதிரி ஆகிவிடும். இப்போது ஆர்பிட்ரேஷன் மட்டும் செய்யும் ஓர் ஆபீஸில் இருக்கிறேன். நெடுஞ்சாலை ஒப்பந்தம், காற்றாலை ஒப்பந்தம், துறைமுகக் கட்டுமானம், இந்த மாதிரித் தகராறுகள். சம்பளம் 90 ஆயிரத்தை ஒட்டி. எதிர்த்தரப்பு சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன் விதிகளைக் காட்டும்போது நான் தடுமாறுவதில்லை. வெளிநாட்டு நிபுணர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கான குறிப்பை எழுதும்போது அந்த ஒரு வருடம் என்ன கொடுத்தது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் என்னோடு பதிவு செய்து இங்கேயே இருந்துவிட்டவர்களில் சிலர் இப்போது சொந்தமாக ஆபீஸ் போட்டு அறுபது எழுபது ஆயிரம் சம்பாதிக்கிறார்கள். கட்சிக்காரர்கள் அவர்களுடையவர்கள். கடன் கிடையாது. எனக்கு அவர்களைவிட இருபது முப்பது ஆயிரம் அதிகம், தவணை 46 ஆயிரம். பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்து வருடத்துக்கு அவர்கள் பக்கம்தான் தராசு தாழும். எனக்கு இந்த வேலைதான் வேண்டியிருந்தது, அதனால் போனேன். மேலே சொன்ன கணக்கு தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். அதற்காக எல்லாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

எல்.எல்.எம். என்றாலே ஒன்றுபோல இல்லை, பாடத்தைப் பொறுத்துச் சென்னையில் மதிப்பு மாறும். கடல்சார் சட்டம் படித்தவருக்கு இங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது. 2017 அட்மிரால்டி சட்டப்படி கப்பலைக் கைது செய்யும் உத்தரவுகூட நம் உயர் நீதிமன்றத்தில் வாங்கலாம், அதைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைவு. ஆர்பிட்ரேஷனுக்கும் இடம் உண்டு. மனித உரிமை, பன்னாட்டுச் சட்டம் படிக்கிறவர்கள் உதவித்தொகை இல்லாமல் போகக் கூடாது என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம். பொதுவான எல்.எல்.எம். படித்துவிட்டு வந்து எழும்பூரில் செக் மோசடி வழக்கு நடத்தப் போகிறவருக்கு அந்தக் கடனை அடைக்க வழியே இல்லை.

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவுக்கே வரப்போகின்றன, அப்போது இந்தப் பட்டத்துக்குக் கிராக்கி வரும் என்பார்கள். அந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்யலாமா என்ற ஏ.கே. பாலாஜி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பு சொன்னது, உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் 2023இல் விதி போட்டு 2025இல் திருத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் அவர்களுக்குத் திறந்திருப்பது நீதிமன்றம் போகாத வேலை மட்டும். அதை நம்பி இன்றைக்குக் கடன் வாங்காதீர்கள்.

நீதிபதி ஆசை உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடி கொண்டுவந்தது. லண்டனில் இருக்கும் வருடத்தில் நீங்கள் எந்தக் கோர்ட்டில் ஆஜராகப் போகிறீர்கள்? சட்டக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் இதே எச்சரிக்கை: 2020இல் பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகள் ஒரு வருட வெளிநாட்டு எல்.எல்.எம்.மை இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமமாக ஏற்பதைச் சிக்கலாக்கின, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நீங்கள் கற்பிக்க விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை நேராக எல்.எல்.பி.க்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். சித்தி மகனுக்காக இந்தக் கணக்கைப் போட்டோம். இங்கிலாந்தில் மூன்று வருடம் என்றால் ஒரு கோடியைத் தாண்டும். படித்துவிட்டு சென்னை வந்தால் அந்தப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், அதற்கு மேல் தகுதித் தேர்வு ஒன்று, அப்புறம்தான் பதிவு, அப்புறம் எல்லாரையும்போல ஏ.ஐ.பி.இ. என்ற அகில இந்திய பார் தேர்வு. புதுப்பாக்கம் அரசுச் சட்டக் கல்லூரியில் சில ஆயிரம் கட்டிப் படித்தவனும் அதே கவுனைத்தான் மாட்டுவான். சித்தி பையன் கிளாட் நுழைவுத் தேர்வு எழுதினான், இப்போது ஒரு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம்.

உதவித்தொகை கிடைத்தால் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும். ஃபீலிக்ஸ், இன்லாக்ஸ், காமன்வெல்த் எல்லாம் கடும் போட்டி. இருந்தாலும் மூன்று நான்கு வருடம் கோர்ட்டில் நின்றவரின் விண்ணப்பத்தில் எழுதுவதற்கு விஷயம் இருக்கும். பட்டியலினத்தவருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. மாநிலத் திட்டத்தில் வருடத்துக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். தகுதியுள்ள ஜூனியர்களே இதைக் கேள்விப்படாமல் வங்கி வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர் இதே கேள்வியோடு வந்தான். வீடு வாடகை வீடு, ஜாமீனுக்குச் சொத்து இல்லை, லண்டன் சொலிசிட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. எல்.எல்.எம். விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு எஸ்.க்யூ.இ. முதல் கட்டத்துக்குப் படிக்கிறான். ஜனவரியில் எழுதுவதாகச் சொல்கிறான். இங்கிலாந்து நிலச் சட்டம்தான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறதாம்.